கேட்காமல் கொடுத்த முதல் ஷிப்ட்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குட்டிப் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நானும் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் சௌக்கியமாக உட்கார்ந்து பத்தொன்பது நாள் ஆகிறது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு நடு அறையில் வைக்கிற வீட்டில் எந்த ரகசியத்தைப் பேசுவது? அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு நாற்பது நிமிஷம் பேசினாய், என்னோடு நான்கு நிமிஷம். அந்த நான்கில் மூன்று நிமிஷம் 'அப்பா கிரேட் இல்லியாம்மா, நீ கொடுத்து வச்சவம்மா' என்பதிலேயே போய்விட்டது. மீதி ஒரு நிமிஷத்தில் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றாய், பரவாயில்லை என்றேன், வைத்துவிட்டாய். முட்டி வலி பரவாயில்லைதான். எனக்கு வலிப்பது வேறு. ஐம்பத்து மூன்று வயதில் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குப் பொறாமை. உன் அப்பா மேல், அந்த டிரைவர் பெண் மேல், கை தட்டிய எண்பது பேர் மேல், உன் மேலும் கொஞ்சம். யார் மேல் எவ்வளவு என்று இதைப் படித்து முடித்ததும் உனக்கே தெரிந்துவிடும்.

மருமகளுக்கு டிப்போ வழக்கம் தெரியாது, அவளும் படிக்கட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிப்போவில் ஷிப்ட் தேர்ந்தெடுக்கிற நாள் வரும். கேன்டீன் ஹாலில் எல்லாரும் கூடுவார்கள், சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள், மூத்தவர்கள் நல்லதைப் பொறுக்கிக்கொள்வார்கள், புதியவர்களுக்கு மிச்சம் மீதி. நல்லது என்றால் முதல் ஷிப்ட்தான். விடியுமுன் நாலரைக்குப் பஸ்ஸை எடுத்தால் மதியம் ஒரு மணிக்கு இறக்கிவிடலாம், சாயங்காலம் முழுவதும் சொந்தம். உன் அப்பாவுக்கு அந்த முதல் ஷிப்ட் கிடைக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது அவர் தூங்கியிருப்பார், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவை 'ஞாயிற்றுக்கிழமை மாமா' என்று சொல்லி என்னைச் சிரிக்கவைத்தவன். போன முறை பட்டியலில் நான்காவது ஆளாக வந்து அதை வாங்கினார். அந்த ஆறு மாதமும் நான் புதுப்பெண் மாதிரி இருந்தேன் என்றால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். இரண்டு மணிக்கு வருவார், குளிப்பார், ஒரு தூக்கம் போடுவார், ஐந்து மணிக்கு இரண்டு பேரும் ரயில்வே மேம்பாலம் வரைக்கும் நடப்போம், கூட்ஸ் ரயில் வந்தால் பெட்டி எண்ணுவோம். முப்பதைத் தாண்டினால் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும், நான் சொல்வதுதான் கணக்கு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த சாயங்காலங்கள் அவ்வளவுதான்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி வழக்கம்போல மூன்றரைக்கு எழுந்து டீ போட்டு அவரை எழுப்பினேன். புரண்டு படுத்துக்கொண்டு 'இன்னிக்கு எனக்கு ரெண்டு மணிக்குத்தான் டூட்டி' என்றார். யாருக்கோ உடம்பு சரியில்லை, ஒரு நாள் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து டீயை நானே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு உன்னிடமிருந்து அந்தப் போட்டோ வந்தது. டிப்போ மெக்கானிக்காக இருக்கிற உன் பள்ளிக்கூட நண்பன் உனக்கு அனுப்பியது, நீ எனக்கு அனுப்பினாய். அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண் டிரைவர்கள், பின்னால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். கைக்குழந்தைக்காரிக்காகத் தன் முதல் ஷிப்டை விட்டுக்கொடுத்த மூத்த டிரைவர் என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே நீ இதயப் படம் ஐந்து போட்டிருந்தாய். எத்தனையோ கடல் தாண்டி இருக்கிற உனக்குத் தெரிந்த விஷயம் பக்கத்துத் தலையணையில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். தனியாகப் போய்ப் பெட்டி எண்ண நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?

நீ இப்போது, அம்மா, அவர் செய்தது நல்ல காரியம்தானே என்று சொல்லப்போகிறாய். நல்ல காரியம்தான், அதுதான் என் எரிச்சலே. தப்பு செய்திருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதக் குழந்தை. அவள் புருஷன் குளிர்சாதனக் கிடங்கில் இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவன். இவளுக்கு சீனியாரிட்டிப்படி விழுந்த இரண்டாம் ஷிப்ட், அதாவது இரண்டு மணி ஷிப்ட், அப்படியே நின்றிருந்தால் குழந்தையைப் பார்க்க ஆள் கிடையாது, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். உன் அப்பா கொடுத்ததால் காலையில் அவன் பார்த்துக்கொள்கிறான், ஒன்றரைக்கு இவள் வந்ததும் குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஓடுகிறான். அதோடு நின்றாரா? பஸ் ஸ்டாண்டில் பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை கட்டவேண்டும் என்று மேனேஜர் அறையில் நாலு முறை போய் நின்று அதையும் வாங்கியிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் நான்கு பெண்கள் கண்டக்டராக இருந்த காலத்தில் எதிர்க் கடைக்காரரிடம் சாவி கேட்டு வாங்கிப் போவோம், அவர் கடை மூடிய நாளில் தண்ணீரே குடிக்கமாட்டோம். எங்களுக்கென்று தைத்த யூனிபார்ம்கூடக் கிடையாது, ஆம்பளைச் சட்டையைத் தோளில் மடித்துத் தைத்துப் போட்டுக்கொள்வோம். ஒரு கழிப்பறையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்ணை நீ உலகத்தில் எங்கேயும் பார்த்திருக்கமாட்டாய், பார்த்துக்கொள், உன்னைப் பெற்றவள்தான்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், நீ மனதில் எதையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது. நான் வேலையை விட்டது வீட்டில் இருக்கப் பிடித்து என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ ஆறு மாதக் குழந்தை. அப்போது அப்பாவும் கண்டக்டர்தான், பிறகுதான் டிரைவர் ஆனார். எனக்கு விழுந்தது இரண்டு துண்டு டூட்டி, காலையில் நாலு மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் சும்மா, மறுபடியும் சாயங்காலம் நாலு மணி நேரம். நடுவில் நான் இருப்பது வெளியூர் பஸ் ஸ்டாண்டில், வீட்டுக்கு வந்து போக நேரம் பற்றாது. பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்துவிடும், டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன். அப்பாவுக்கு ஒரே மூச்சில் முடிகிற நேர் டூட்டி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அப்போதே அந்த விதி இருந்தது. கடிதத்தை நானே எழுதி என் கையெழுத்தையும் போட்டு அவர் முன்னால் வைத்தேன். 'பொண்டாட்டிக்காக டூட்டி மாத்திக்கிட்டான்னு டிப்போ ஓய்வறைல சிரிப்பாங்க, கொஞ்ச நாள் சமாளி' என்றார். இரண்டு மாதம் சமாளித்தேன். ஒரு நாள் நீ காய்ச்சலில் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாய், மறுநாள் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டிக்கெட் பையை ஒப்படைக்கும்போது டைம் கீப்பர் 'நல்ல முடிவும்மா' என்றார். நானும் ஆமாம் என்றேன். எனக்காக மாற்றாத டூட்டியை யாரோ ஒருத்திக்காக மாற்றினால் எனக்குப் பற்றி எரியாதா? ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள், இவர் அதையும் தாண்டிக் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார். அந்தச் சாயங்காலங்களில் பாதி என்னுடையது.

போட்டோ வந்த அடுத்த வாரம் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். மதியம் மூன்று மணி, அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு, யூனிபார்மோடு, நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நின்றாள். உட்கார் என்றதும் நேராகப் போய் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தாள், சும்மா இல்லை, காலை மடித்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்தாள். நாங்கள் நடந்துவிட்டு வந்து அவர் சாய்கிற நாற்காலி. டீ மட்டும்தான் கொடுத்தேன், பிஸ்கட் டப்பா இருந்தும் எடுக்கவில்லை, அவ்வளவு கெட்ட மனசு எனக்கு அன்றைக்கு. நல்ல உயரம், சுருட்டை முடி, நாற்பது அடி பஸ்ஸைத் திருப்புகிற கை. எனக்கு அந்த வயதில் அந்தக் கை இல்லையா என்ன? நீ கொடுத்து வச்சவம்மா என்று நீ எனக்குச் சொன்ன வார்த்தையையே அவளுக்கு ஒரு குத்தலோடு சொன்னேன். அவள் குத்தலைக் கவனிக்கவில்லை. 'நான் வேணாம்னுதான் சொன்னேன்மா, சாரைப் பாத்து வீட்ல கேட்டீங்களான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். கேட்டாச்சு, அவதான் குடுக்கச் சொன்னான்னு சொன்னாரு. அதோட விடல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி என் பொண்டாட்டி கேட்டப்ப நான் மாத்திக் குடுக்கல, அவ வேலைய விட்டதுக்குக் காரணம் நான்தான்னு மைக்கிலயே சொல்லிட்டாரு. அப்புறம் எல்லாரும் உங்களுக்குத்தான்மா கை தட்டினாங்க' என்றாள்.

கேட்டாயா கதையை? ஒரு உண்மையும் ஒரு பொய்யும், இரண்டும் என்னைப் பற்றி, இரண்டும் எனக்குத் தெரியாமல். நான்தான் காரணம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பேன், அது எனக்குச் சேரவேண்டிய வார்த்தை, அதை எண்பது பேர் காது குளிரக் கேட்டுக் கை தட்டிவிட்டுக் கேன்டீனில் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்த எண்பது பேர் மேலும் எனக்குப் பொறாமை என்று இதனால்தான் சொன்னேன். நான் எதையும் கொடுக்கச் சொல்லவில்லை, அவர் என்னிடம் கேட்கவே இல்லை என்று இந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் ஷிப்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள், மானக்காரி, பார்த்தாலே தெரிந்தது. குழந்தை என் சேலை நுனியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. ஆமாம், நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் முழுப் பூசணிக்காயை நான் என் சோற்றில் மறைத்தேன். பிறகு பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வைத்தேன், அவள் ஏழு பிஸ்கட் தின்றாள். பால் கொடுக்கிற உடம்பு, தின்னட்டும்.

மறுநாள் காலையில் அப்பா பல் தேய்க்கும்போது கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன் என்றே வைத்துக்கொள். 'கேட்டிருந்தா நீ வேணாம்னா சொல்லியிருப்ப?' என்றார், பிரஷ் வாயிலேயே இருந்தது. நான் யோசித்துப் பார்த்து உண்மையைத்தான் சொன்னேன். முதலில் முடியாது என்றிருப்பேன், இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் நானே கொடுத்துவிடுங்கள் என்றிருப்பேன், அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லையா என்றேன். எண்பது பேர் முன்னால் தன் தப்பை ஒத்துக்கொண்டாயிற்றே என்றார். அப்படியானால் நான் எண்பத்தொன்றாவது ஆளா, எனக்கு எப்போது சொல்வீர்கள் என்றேன். வாயைக் கொப்பளித்தார், துடைத்தார், மறுபடியும் கொப்பளித்தார். மைக்கில் வருகிற வார்த்தை சமையலறையில் வராது போலிருக்கிறது. அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார், காலை டீயும் அவர்தான் போடுகிறார், சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார். டீயைக் குடித்துக்கொள்கிறேன், ஆனால் பேச்சு அளவோடுதான். நீ பயந்துவிடாதே, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் கிழமாவோம்.

இங்கே உன் விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் வேலைக்குத் திரும்பும்போது நீ மூன்று மாதம் லீவு போட்டுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவதாகவும், ஆபீஸில் எல்லாரும் உன்னைத் தட்டிக்கொடுத்ததாகவும், அப்பா பிள்ளை என்று நிரூபித்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷம் பொங்கியது, அடுத்த நிமிஷமே மருமகள் மேல் வயிறு எரிந்தது, மாமியார் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள். எரிச்சல் அடங்கிய பிறகு ஒன்று தோன்றியது. எந்த மூன்று மாதம் என்று அவளிடம் கேட்டாயா? அவளுக்கு வேலை நெருக்குகிற மாதங்கள் எவை என்று அவளுக்குத்தானே தெரியும்? ஆபீஸில் சொன்னதற்கு முன்னால் அவளிடம் சொன்னாயா, பின்னாலா? முன்னால் என்றால் நீ அப்பாவை மிஞ்சிவிட்டாய், பின்னால் என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு இப்போதே போய்க் கேள். மருமகளே, நீயும் படிப்பாய் என்று தெரியும், அவன் கேட்காவிட்டால் எனக்கு எழுது.

இப்போது முக்கியமான செய்தி. அந்தப் பெண் போகும்போது வாசலில் நின்று, பஸ் ஸ்டாண்ட் விசாரணை ஜன்னலுக்குப் பழைய கண்டக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், ஐம்பத்தைந்து வயது வரை வரலாம், போர்டில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? நேற்று முன்தினம் அப்பா டூட்டிக்குக் கிளம்பிய அரை மணி நேரம் கழித்து அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். முதலில் அந்தக் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன், உள்ளே கண்ணாடிகூட மாட்டியிருக்கிறார்கள், அவசரம் இல்லாமலே ஒரு முறை உபயோகித்துவிட்டு வந்தேன். பிறகு ஆபீஸில் ஒரு பெரியவர் எல்லா வழித்தடத்துக்கும் நிறுத்தங்களைக் கேட்டார். புதிதாகச் சேர்த்த இரண்டைத் தவிர எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். மைக்கில் பேசச் சொன்னார், பேசினேன், என் குரல் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது, மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். எந்த ஷிப்ட் வேண்டும் என்றார். இரண்டு மணி ஷிப்ட் என்றேன், அதை யாரும் கேட்பதில்லையே என்று ஆச்சரியப்பட்டார். சாயங்காலம் வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்றேன். வேலை முடிந்ததும் ஊழியர்களைக் கொண்டுவிடுகிற பஸ்ஸில் எனக்கும் இடம் உண்டாம், அப்பா வருவதும் அதே பஸ்தான். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'வீட்டுக்காரர்கிட்ட கேட்டாச்சாம்மா?' என்றார். கேட்டாச்சு, அவர்தான் போகச் சொன்னார் என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

திங்கட்கிழமை சேருகிறேன். சட்டை இரண்டு கொடுத்திருக்கிறார்கள், பெண்களுக்கென்றே தைத்தது, பீரோவில் உன் பழைய ஸ்வெட்டருக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அப்பா பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அந்த பஸ்ஸின் பெயரையும் நேரத்தையும் அறிவிக்கப்போவது நான்தான். எண்பது பேரோடு எண்பத்தொன்றாவதாக அவருக்கும் அப்போதுதான் தெரியட்டும். திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்காருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உட்காரேன் என்று அவர் வாயைத் திறந்து கேட்கட்டும், பார்க்கலாம்.

நீயும் மருமகளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருங்கள். பாப்பாவுக்குக் கன்னம் இரண்டிலும் என் முத்தம். குளிரில் காதை மூடிக்கொள், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வாய் தவறிக்கூட அப்பாவிடம் எதையும் உளறிவிடாதே. அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் நான் எடுக்கமாட்டேன், டூட்டியில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
விசாரணை ஜன்னல், இரண்டாம் ஷிப்ட்.